துவைகல் கேட்ட காது

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ ஸ்கூட்டரில் காலிடுக்கில் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றபோது எனக்குக் கைநிறைய வேலை. ஒரு ஸ்பீக்கர் கோனுக்கு ஓரத்து ரிங் ஒட்டிக்கொண்டிருந்தேன், பசை காய்வதற்குள் விட முடியாது. இருந்தும் நீ கொண்டுவந்ததை ஒரு நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டேன். “அண்ணாச்சி, நல்ல ஸ்பீக்கர்தானா?” என்றாய். “வீட்டில் வைத்துக் கேள், எழுதி அனுப்புகிறேன்” என்றேன். உன் முகம் சுண்டிப்போனது. நல்லது, கெட்டது என்று ஒரே வார்த்தையில் முடிகிற சமாசாரமாக இருந்தால் அப்போதே சொல்லியிருப்பேன்.

முதலில் பெட்டியின் முன்பக்கத்தை மறந்துவிட்டுப் பின்பக்கத்தைப் பார். முன்னால் கொட்டை எழுத்தில் ஆயிரம் வாட்ஸ், இரண்டாயிரம் வாட்ஸ், பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பான். அந்த பி.எம்.பி.ஓ.வுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது; அவரவர் மனசுக்குத் தோன்றியதைப் போட்டுக்கொள்ளலாம். பின்னால், வயர் நுழைகிற இடத்தில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 30 வாட்ஸ் என்கிற மாதிரி. சுவரிலிருந்து முப்பது வாட்ஸ் வாங்குகிற பெட்டி தொடர்ந்து அதற்கு மேல் எப்படிக் கொடுக்கும்? வரவுக்கு மீறிச் செலவு செய்ய அதற்கும் கடன் கொடுக்க ஆளில்லை. ஆர்.எம்.எஸ். என்று, அதாவது தொடர்ந்து கொடுக்கிற சக்தி என்று, போட்டிருந்தால் அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள். உன் சின்ன அறைக்குப் பதினைந்து வாட்ஸ் ஆர்.எம்.எஸ். தாராளம்.

இன்னொன்று. உன் ஜோடியில் ஆம்ப் இருப்பது வலதுபக்கப் பெட்டிக்குள் மட்டும்தான். இடதுபக்கம் வெறும் பெட்டி, அங்கிருந்து ஒரு ஒயர் வழியாக வாங்கிக்கொள்கிறது. அந்த ஒயரின் சிவப்பும் கறுப்பும் ஒருபக்கம் மாறிப்போனால் என்ன ஆகும் என்பதை ஒருமுறை வேண்டுமென்றே மாற்றிப் போட்டுக் கேள். நடுவில் நிற்க வேண்டிய குரல் கரைந்து இரண்டு காதையும் சுற்றி அலையும், பாஸ் காணாமல் போகும். எத்தனை வீடுகளில் வருஷக்கணக்காக அப்படியே ஓடுகிறது தெரியுமா? கேட்டால், “சரவுண்ட் நன்றாக இருக்கு” என்பார்கள்.

இப்போது என் கதை ஒன்று. முப்பது வருஷத்துக்கு முன்னால், பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடந்த மெஹ்ஃபிலை ரிக்கார்டு செய்தேன். ஆர்மோனியம், தபலா, பாடகர், கேட்க இருபது பேர். இந்த ஊருக்கு அது புதிதில்லை. மெஹபூப் பாய் பாடித் திரிந்த தெருக்கள் இவை. அவர் 1981இல் போனார். பிறகு உம்பாயி மலையாளத்தில் கஜல் பாடி இந்த மட்டாஞ்சேரியை வெளியூருக்கெல்லாம் கொண்டுபோனார். 2018இல் அவரும் போனார். நான் சொல்வது பெயர் வெளியே வராத ஒரு பாடகரைப் பற்றி. ரிக்கார்டை என் மேஜை ஸ்பீக்கரில் வைத்து இரண்டு ராத்திரி உட்கார்ந்து மிக்ஸ் செய்தேன். தபலா ஜோடியில் இடது கை வாசிக்கிற டக்கா கொஞ்சம் தூக்கலாகக் கேட்டது, குறைத்தேன். மறுபடியும் குறைத்தேன். கேசட்டை எடுத்துக்கொண்டு தபலாக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் டெக்கில் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “என் இடது கையை யார் வெட்டினது?” என்று கேட்டார்.

டக்கா தூக்கலாக இல்லவே இல்லை. என் ஸ்பீக்கர்தான் 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் முதுகு கூனி நின்றது. சின்னக் கோனால் அதற்குக் கீழே போக முடியாது. அந்தக் குறையை மறைக்க, போக முடிந்த இடத்தில் ஒரு மேட்டைக் கட்டி வைத்திருந்தார்கள். பாட்டுக் கேட்கிறவனுக்கு அது “நல்ல பாஸ்”. வேலை செய்கிறவனுக்கு அது பொய். ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பொய் சொல்கிறதோ அதற்கு நேர் எதிர்ப் பக்கம் நாம் தப்பு செய்வோம். அது கூட்டிச் சொன்னால் நாம் குறைப்போம், அது விழுங்கினால் நாம் அள்ளிக் கொட்டுவோம். எனவே “கேட்க இனிமையாக இருக்கிறதா” என்று உன் ஸ்பீக்கரிடம் கேட்காதே. “எங்கே பொய் சொல்கிறாய்” என்று கேள். பொய் சொல்லாத ஸ்பீக்கர் உன் விலையில் கிடையாது, என் விலையிலும் கிடையாது. எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால் போதும், அதை வைத்துக்கொண்டு ஆயுசுக்கும் வேலை பார்க்கலாம்.

அதைக் கண்டுபிடிக்கப் பிரபலமான பாட்டுகளைப் போட்டுப் பார்க்கிறார்கள். நீயும் நேற்று அதைத்தான் செய்தாய். அந்தப் பாட்டை யாரோ ஒருவர், எங்கோ ஓர் அறையில், வேறொரு ஸ்பீக்கரின் பொய்யைக் கேட்டு மிக்ஸ் செய்திருக்கிறார். நீ கேட்பது அவர் ஸ்பீக்கரையா, உன் ஸ்பீக்கரையா? பிரிக்க முடியாது. ஸ்பீக்கர் வழியாக வராமல், நேரடியாக உன் காதுக்குப் பழகின சத்தம் ஒன்று வேண்டும்.

உனக்கு அது இருக்கிறது தம்பி. எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். ஊர்த்துணி வெளுக்கிற வெளி தோபிகானாவில் பிறந்து வளர்ந்த பையன் நீ. டச்சுக்காரர் காலத்தில் சிப்பாய்களின் துணி துவைக்கத் தமிழ் நாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் என்று உங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கதை இருக்கட்டும். விடிகாலையில் ஈரத்துணி துவைகல்லில் விழுகிற சத்தத்தைத் தொட்டிலில் இருந்தே கேட்டவன் நீ. அந்தச் சத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்று கவனித்திருக்கிறாயா? முதலில் ஈரம் கல்லில் அறைகிற ‘சட்’. அது பெரும்பாலும் உச்சச் சத்தம் கொடுக்கிற ட்வீட்டரின் வேலை. கூடவே கல் அடியில் வாங்கிக்கொள்கிற ‘தொம்’, இது கீழ்ச் சத்தம் கொடுக்கிற ஊஃபர். பிறகு நீர் தெறிக்கிற பொடிச் சத்தம். எல்லாம் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு அமைதி. அந்த அமைதிதான் பரீட்சை.

உன் ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு காலையில் போ. ஐந்தாறு அடி தள்ளி நின்று, சத்தம் உடையாமல் பதிவு செய். செய்த கையோடு வீட்டுக்கு வந்து போட்டுக் கேள். காதின் ஞாபகம் வெயிலில் போட்ட துணி மாதிரி சீக்கிரம் காய்ந்துவிடும். கல்லில் ‘தொம்’ என்று கேட்டது பெட்டியில் ‘தொம்ம்ம்’ என்று இழுத்தால், அந்த ‘ம்ம்’ கல்லுடையது இல்லை, பெட்டியுடையது. பின்னால் வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறதே, அதில் பழைய சாக்ஸைச் சுருட்டி அடைத்து மறுபடி கேள். பாஸ் கொஞ்சம் குறையும், இழுவையும் குறையும். எதை வைத்துக்கொள்வது என்பது உன் வேலையைப் பொறுத்தது. குறும்படத்துக்கு வசனம் வெட்டுகிறவன் நீ. நானாக இருந்தால் சாக்ஸை அங்கேயே விட்டுவிடுவேன்.

வசனம் என்றதும் அடுத்தது. அம்மாவை உன் அறையில் நிற்க வைத்து, மழை, மலை, வாழை, வாளை என்று சொல்லச் சொல். பதிவு செய்து, அவர் அதே இடத்தில் நிற்கும்போதே போடு. லகர ளகர ழகர பேதம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸை ஒட்டி நடக்கிறது. இரண்டு கோன் உள்ள பெட்டிகளில் ஊஃபர் விட்டுக்கொடுத்து ட்வீட்டர் வாங்கிக்கொள்கிற இடமும் ஏறக்குறைய அங்கேதான். விலை குறைந்த பெட்டிகளில் அந்தக் கைமாற்றத்தை ஒரே ஒரு கெப்பாசிட்டரை நம்பி விட்டிருப்பார்கள். அங்கே பள்ளம் இருந்தால் ழகரம் சப்பையாகும். மேடு இருந்தால் குரல் காதைக் குத்தும். அம்மாவின் குரல் மூக்கடைத்த மாதிரி கேட்டாலோ, அவர் வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவது போலக் கேட்டாலோ அதை ஒரு நோட்டில் எழுதி வை. அம்மா “இது என் குரலே இல்லை” என்பார். அதை நம்பாதே, யாருக்கும் தன் குரல் வெளியிலிருந்து பிடிபடாது. தங்கையைக் கேள்.

தபலாவும் மிருதங்கமும் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக விரித்துக் கட்டிய தோலில் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று சேராது. நம் தோல் வாத்தியங்களில் நடுவில் ஏற்றுகிற கறுப்புச் சாந்துதான் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது என்று சி.வி. ராமன் 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார். 1934இல் விரிவாகவும் எழுதினார். அதனால்தான் தபலாவுக்குச் சுருதி சேர்க்க முடிகிறது. மேல்சுரங்களை ஸ்பீக்கர் கூட்டிக் குறைத்தால் தபலா முதலில் மரப்பெட்டியாகும், பிறகு தகர டப்பாவாகும். ஆர்மோனியம் இவ்வளவு காட்டிக்கொடுக்காது, அது எதில் போட்டாலும் ஒப்பேற்றிவிடும்.

இரண்டு ஜோடியை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்யாமல் கேட்காதே. ஒரு டெசிபல் கூட இருந்தால் போதும், அது “தெளிவாக” இருக்கிறது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். கடைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போனில் டெசிபல் ஆப் ஒன்றை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவா. மிகவும் மெதுவாக வைத்தும் தீர்மானிக்காதே. சத்தம் குறையக் குறையக் காது பாஸை முதலில் கைவிடும், ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து வைத்தது இது.

கண்ணையும் நம்பாதே. 1994இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் தங்கள் ஸ்பீக்கர் கம்பெனி ஆட்களையே உட்கார வைத்து, ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் ஒருமுறையும் கண் முன்னால் ஒருமுறையும் கேட்க வைத்தார்கள். திரை இருந்தபோது நன்றாகவே மார்க் வாங்கிய மலிவான குட்டி ஸ்பீக்கர் செட், கண்ணில் பட்டதும் கீழே இறங்கிவிட்டது. தொழில் தெரிந்தவர்களுக்கே இந்தக் கதி. உன்னிடம் வேஷ்டிக்கா பஞ்சம்? ஒன்றைக் குறுக்கே கட்டி, தங்கையை மாற்றி மாற்றிப் போடச் சொல். மெல்லிய பருத்தியாக இருக்கட்டும், கஞ்சி போட்டது வேண்டாம்.

அறையைப் பற்றி. நேற்று நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டு பெட்டியையும் சுவரோடு சுவராக, ஒன்றை மூலையில் வைத்திருக்கிறாய். மூலை பாஸைப் பெருக்கும். ஒருபக்கம் மட்டும் மூலையில் இருந்தால் இரண்டு பக்கமும் இரண்டு ஊர். ஒரு முழமாவது முன்னால் இழு. ட்வீட்டர் காது உயரத்துக்கு வர அடியில் செங்கல் வை. உன் தலையும் இரண்டு பெட்டியும் சம முக்கோணமாக இருக்கட்டும். கைதட்டினால் எதிர்ச்சுவரிலிருந்து ‘டிர்ர்’ என்று திரும்பி வருகிறதல்லவா, அங்கே டெலிவரிக்குக் கட்டிவைத்த துணி மூட்டைகளை அடுக்கு. காசு கொடுத்து வாங்குகிற ஃபோமைவிட நன்றாகவே வேலை செய்யும். மூட்டை டெலிவரிக்குப் போன அன்று மிக்ஸ் செய்யாதே.

இரைச்சலையும் பார்த்துவிடு. பாட்டை நிறுத்திவிட்டு வால்யூமை ஏற்றி, காதைப் பக்கத்தில் கொண்டுபோ. கொஞ்சம் ‘ஸ்ஸ்’ இருக்கத்தான் செய்யும், ஒரு கை தூரத்தில் அது மறைய வேண்டும். ‘ம்ம்’ என்று உறுமினால் லேப்டாப் சார்ஜரைக் கழற்று. நின்றுவிட்டால் குறை ஸ்பீக்கரில் இல்லை, எர்த்தில்.

கடைசியாக மழை. ஜூன் வந்துவிட்டால் நம் ஊர்க் காற்றில் இருக்கிற ஈரம் ஃபோம் ரிங்கைத் தின்றுவிடும். ரப்பர் ரிங் தாங்கும். விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார், பொடி ஒட்டினால் அது ஃபோம். பயன்படுத்தாத நாளிலும் தினம் அரைமணி நேரம் ஓடவிடு, உள்ளே கொஞ்சம் சூடு இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை கடை மத்தியானம்தான் திறக்கும். பெட்டியோடும் நோட்டோடும் வா. நேற்று அந்த ஒரு நிமிஷத்தில் இடதுபக்கப் பெட்டியில் எனக்கு ஒன்று கேட்டது, வாயைத் திறக்கவில்லை. உன் நோட்டில் அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். இல்லையென்றால் துவைகல் பதிவை மறுபடி போட்டு, ‘சட்’டை மட்டும் கேள்.

உன் அண்ணாச்சி,
மட்டாஞ்சேரி