பிரித்தால் பயன்தரும் புரதம்

நுழையும்முன்
கடல் நமக்கு உணவளிக்கிறது என்பதை அனைவரும் அறிவோம். அவ்வுணவிலுள்ள புரதம் உடலை வளர்ப்பதோடு அமைவதில்லை. உரிய முறையில் பிரிக்கப்படும்போது, உடலின் இயக்கத்தை ஒழுங்குபடுத்தும் கூறுகளையும் அது தருகிறது. ஜப்பானியர் போற்றும் கருவாடு ஒன்றின் வழியே இவ்வறிவியல் உண்மையை விளக்குகிறது இப்பாடம்.

பொதுமொழியும் புரதமும்
'வேங்கை' என்னும் சொல் தனித்து நின்று மரத்தையோ புலியையோ குறிக்கும். 'வேம் + கை' எனப் பிரிந்து நின்றால், வேகின்ற கை என வேறொரு பொருள் தரும். இதனைப் பொதுமொழி என இலக்கணத்தில் கற்றுள்ளோம். புரதமும் ஏறக்குறைய இத்தகையதே. அமினோ அமிலங்கள் என்னும் எழுத்துகள் பல கோக்கப்பட்ட நெடுந்தொடர் புரதமாகும். அத்தொடரை நொதிகள் வெட்டும்போது கிடைக்கும் சிறு துண்டுகளே பெப்டைடுகள். முழுத்தொடருக்குள் அடங்கியிருக்கும்வரை செயலற்றிருக்கும் சில துண்டுகள், பிரிந்தபின் தமக்கெனத் தனிச்செயல் பெறுகின்றன.

கருவாட்டில் ஒரு கண்டுபிடிப்பு
சூரை இன மீனை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திச் செய்யும் மாசிக்கருவாட்டை நம்மில் பலர் அறிவர். மாலத்தீவிலும் இலட்சத்தீவிலும் உருவாகும் இக்கருவாடு தமிழர் சமையலிலும் இடம்பெற்றுள்ளது. ஜப்பானியரின் 'கட்சுஒபுஷி' இதற்கு உறவான உணவு. மீனை அவித்து, முள் நீக்கி, பலமுறை புகையூட்டிக் கட்டைபோல் இறுகச் செய்வர். பின்னர் மெல்லிய சீவல்களாகச் சீவி, நீரிலிட்டுச் சாறெடுப்பர்.

ஜப்பானிய அறிவியலாளர்கள் இக்கருவாட்டின் புரதத்தை, 'தெர்மோலைசின்' என்னும் நொதியால் வெட்டி ஆராய்ந்தனர். கிடைத்த பெப்டைடுகளின் ஆய்வு முடிவுகள் 1992இல் வெளியாயின. அவற்றுள் ஒன்று லூசின், லைசின், புரோலின், அஸ்பரஜின், மெத்தியோனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்களால் ஆனது.

வெட்டுவதைத் தடுக்கும் துண்டு
நம் உடலில் ஆஞ்சியோடென்சின் மாற்று நொதி என்றொரு நொதி உண்டு. அது ஆஞ்சியோடென்சின் 1 என்னும் பெப்டைடின் நுனியை வெட்டி, ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இது இரத்தக்குழாய்களைச் சுருங்கச் செய்வதால் இரத்த அழுத்தம் உயர்கிறது. அந்நொதியைத் தடுத்தால் குழாய்கள் தளர்ந்து அழுத்தம் தணியும்.

கருவாட்டுப் பெப்டைடு இதனை வியப்பூட்டும் வகையில் செய்கிறது. நொதி, தன்னிடம் வரும் ஐந்து கண்ணித் துண்டையும் வழக்கம்போல் வெட்டுகிறது. எஞ்சும் மூன்று கண்ணித் துண்டோ முன்னதைவிட எட்டு மடங்கு ஆற்றலுடன் அந்நொதியையே தடுத்து நிறுத்துகிறது. வெட்டிய கத்தரிக்கோல், தான் வெட்டிய துண்டாலேயே சிக்கிக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்
பிரேசில் நாட்டு நச்சுப்பாம்பு ஒன்றின் நஞ்சிலுள்ள பெப்டைடுகள் இந்நொதியைத் தடுப்பதை அறிவியலாளர்கள் 1960களில் கண்டறிந்தனர். அவ்வறிவின் அடிப்படையில் உருவான 'கேப்டோபிரில்', இரத்த அழுத்த மருந்தாக 1981இல் அமெரிக்காவில் ஏற்கப்பட்டது.

உணவா? மருந்தா?
உணவுக்குச் சத்தளித்தல், சுவையளித்தல், உடலியக்கத்தை ஒழுங்குபடுத்தல் என மூன்று பணிகள் உண்டு என்னும் கருத்தை 1980களில் ஜப்பானிய அறிஞர்கள் முன்வைத்தனர். மூன்றாம் பணியைச் சிறப்பாகச் செய்வன செயல்நல உணவுகள். இத்தகைய உணவுகளை ஆராய்ந்து ஒப்புதலளிக்கும் முறையை 1991இல் ஜப்பான் அரசு ஏற்படுத்தியது. கட்சுஒபுஷிப் பெப்டைடும், மத்தி மீனின் பெப்டைடும் அவ்வொப்புதலைப் பெற்றுள்ளன.

எனினும், 2010இல் இதே கருவாட்டுப் பெப்டைடை ஆராய்ந்த ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், அது இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்கும் என்பதற்குச் சான்றுகள் போதவில்லை என முடிவு செய்தது. ஒரே பொருளைப் பற்றி இரண்டு தீர்ப்புகள்! ஆய்வுக்கூடத்தில் நொதியைத் தடுப்பது வேறு. வயிற்றையும் குடலையும் கடந்து, மனித உடலில் நலம் பயப்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைச் சான்றுகளால் மட்டுமே கடக்க இயலும்.

எனவே, கருவாடு உண்டால் இரத்த அழுத்தம் தணியும் என முடிவுகட்டுதல் தவறு. உப்பிட்ட கருவாட்டை மிகுதியாக உண்பது அழுத்தத்தை உயர்த்தவே செய்யும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறியின்றியே உடலைத் தாக்கும். நம் இல்லத்துப் பெரியவர்கள், மருத்துவர் தந்த மாத்திரையை விளம்பரங்களை நம்பி நிறுத்திவிடாமல் காப்பது கற்றவர் கடமை.

மீனைப் பதப்படுத்துகையில் ஒதுக்கப்படும் தலை, தோல், எலும்பு ஆகியவற்றிலும் புரதம் நிறைந்துள்ளது. கழிவென எறியப்படுவதைப் பயனுள்ள பொருளாக்கும் வாய்ப்பு அங்கே காத்திருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பொருள் காணும் நுண்மதி, புரதத்தைப் பிரித்துப் பயன் காணவும் வேண்டும். கண்ட பயனைச் சான்றால் சோதித்து ஏற்கும் தெளிவும் உடன் வேண்டும்.

கற்பவை கற்றபின்
1. புரதத்தைப் பொதுமொழியோடு ஒப்பிடுவதன் பொருத்தத்தை விளக்குக.
2. 'உடல்நலம் தரும்' எனக் கூறும் உணவு விளம்பரம் ஒன்றைத் தேர்ந்து, அதற்குக் காட்டப்படும் சான்றுகள் போதுமானவையா என வகுப்பில் கலந்துரையாடுக.