ஜெபமும் வேண்டும், வைத்தியரும் வேண்டும்

வேதபாடம்: 2 இராஜாக்கள் 20:1-7



கொடைக்கானல் மலையில் வளருகிற போதைக் காளானைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். வாலிபர்கள் "ஸ்டாம்ப்" என்று சொல்லுகிற எல்.எஸ்.டி.யும் அந்த வகைதான். சாராயம்போல வாடை வராது, பெற்றோருக்குத் தெரியாது. திடீரென்று ஒருநாள் பிள்ளை, "சுவர் மூச்சு விடுது, யாரோ கூப்பிடுறாங்க" என்று அலறுவான். ஒருவர், "பேய் புடிச்சிருக்கு" என்பார். இன்னொருவர், "தரிசனம் பார்க்கிறான்" என்பார். இரண்டும் அல்ல, பிரியமானவர்களே. அது மூளையில் மருந்து செய்கிற வேலை.

1. இது எப்படிப்பட்டது?

எல்.எஸ்.டி.யை உண்டாக்கிய சுவிட்சர்லாந்து விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன், 1943 ஏப்ரலில் அதைத் தானே சாப்பிட்டுப் பார்த்தார். ஒரு கிராமில் 4,000ல் ஒரு பங்குதான்! தனக்குள் பேய் புகுந்துவிட்டது என்று நடுங்கினார். பக்கத்து வீட்டு அம்மாள் அவருக்குச் சூனியக்காரியாகத் தெரிந்தார். அந்த அம்மாள் கையில் இருந்ததோ, அவருக்குக் கொண்டுவந்த பால்!

2. எசேக்கியா என்ன செய்தார்?

ராஜா அழுது ஜெபித்தார். கர்த்தர் கேட்டு, 15 வருஷம் கூட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொன்னார். பிளவையின்மேல் பற்றுப்போட்டார்கள், பிழைத்தார். மருந்து போட்டதால் ஜெபம் வீணாய்ப் போயிற்றா? இல்லையே!

3. நாம் என்ன செய்யணும்?

அ) அடிக்காதீர்கள், கட்டிப்போடாதீர்கள், சுற்றி நின்று சத்தம் போடாதீர்கள். அமைதியான அறையில் ஒருவர் கூடவே இருக்கட்டும். மொட்டை மாடிப் பக்கம் விடாதீர்கள். காளான் சுமார் 6 மணி நேரமும், எல்.எஸ்.டி. 12 மணி நேரம் வரையும் வேலை செய்யும். வலிப்பு வந்தாலோ, பயம் அடங்காவிட்டாலோ, சாகப்போகிறேன் என்றாலோ உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஆ) தெளிந்துவிட்டான் என்று விட்டுவிடாதீர்கள். மனநல வைத்தியரிடம் கூட்டிப்போங்கள். சிலருக்கு மனநோயே இதில் கிளம்பிவிடும். குடியும் சேர்ந்திருந்தால், அறையில் பூட்டி உபவாசம் போடவைப்பது ஆபத்து. அதிகம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இ) "போலீஸ் பிடிச்சிருவாங்களோ" என்று பயந்து ஒளித்துவைக்கிற வீடுகள் உண்டு. 1985ஆம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், சிறு அளவோடு பிடிபட்டிருந்தாலும், தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி வைத்திருக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கு பறிபோகலாம்.

சிநிக்க: அந்தப் பிள்ளை சிகிச்சை முடிந்து சபைக்கு வரும்போது, அவன் பக்கத்தில் போய் உட்காருகிறவர் யார்? ஒதுங்கி நின்று கிசுகிசுக்கிறவர்கள் அல்ல, கூட நடக்கிறவர்களே அவனுக்கு வேண்டும். வைத்தியரிடம் போவது அவிசுவாசம் அல்ல. முழங்காலில் நில்லுங்கள், எழுந்து அவனை ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போங்கள். ஆமென்.