கடலில் இன்டர்நெட் கிடைக்குமா?

மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் படகில் ஏறினாலும் செல்போனில் சிக்னல் முழுதாக இருக்கும். சுற்றிலும் ஊர், ஊரெல்லாம் டவர். அதே நினைப்பில்தான் 2022-ல் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏறினேன். (அந்த ஊருக்கு 2024-ல் ஸ்ரீ விஜய புரம் எனப் பெயர் மாற்றப்பட்டது.) சுமார் 1,200 கி.மீ. தூரம், மூன்று நாள் பயணம்.

மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு அந்த வாரம்தான் கடைசி நாள். டெபிட் கார்டை வீட்டில் கொடுத்துவிட்டு, "கம்ப்யூட்டரில் நீ கட்டு, ஓடிபி வந்ததும் போனில் சொல்கிறேன்" என்று கிளம்பிவிட்டேன். கப்பல் புறப்பட்டு இரண்டு மணி நேரத்தில் சிக்னல் போய்விட்டது. மகள் மூன்று முறை முயன்றும் ஓடிபி என் போனுக்கு வந்து சேரவில்லை. கடைசி நாள் மாலை என் மைத்துனர் தன் கணக்கிலிருந்து பணம் கட்டியதால் சீட் தப்பியது. எனக்கு இது கரை சேர்ந்த பிறகுதான் தெரியும்.

ஏன் இப்படி?

செல்போன் அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியோ உருண்டை. 50 மீட்டர் உயர டவரின் உச்சியிலிருந்து கடலில் சுமார் 25 கி.மீ. வரைதான் நேர்ப்பார்வை உண்டு. நீங்கள் 10 மீட்டர் உயரக் கப்பல் தளத்தில் நின்றால் இன்னும் 11 கி.மீ. கூடும். அதற்கப்பால் டவர் கடலுக்குக் கீழே மறைந்துவிடும். 2020-ல் தொடங்கிய சென்னை–அந்தமான் கடலடி கேபிள் தீவுகளுக்கு இன்டர்நெட் தருகிறது. ஆனால் மேலே செல்லும் கப்பலுக்கு அதனால் பயனில்லை.

நடுக்கடலில் சாட்டிலைட் ஒன்றுதான் வழி. அதற்குக் கப்பலில் தனி ஆன்டெனா வேண்டும். எல்லாக் கப்பலிலும் பயணிகளுக்கு இது கிடைக்காது. கிடைத்தாலும் கட்டணம் அதிகமாக இருக்கலாம். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

1. ஓடிபி தேவைப்படும் எல்லா வேலைகளையும் கரையிலேயே முடித்துவிடுங்கள். முடியாவிட்டால், வீட்டில் வேறொருவர் அவருடைய கணக்கிலிருந்து கட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

2. குறிப்பிட்ட நாளில் போக வேண்டிய இமெயிலை ஜிமெயிலில் எழுதி, 'ஷெட்யூல் சென்ட்' மூலம் நாளும் நேரமும் கொடுத்து வையுங்கள். உங்கள் போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் அது உரிய நேரத்தில் போய்விடும்.

3. கூகுள் மேப்ஸில் போய்ச்சேரும் ஊரின் வரைபடத்தை டவுன்லோட் செய்யுங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு இன்டர்நெட் தேவையில்லை. வானம் தெரிந்தால் போதும். டிக்கெட்டையும் போனில் சேமித்து, ஒரு பிரிண்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. டேட்டா ரோமிங்கை ஆஃப் செய்யுங்கள். சில கப்பல்களில் உள்ள சாட்டிலைட் செல் நெட்வொர்க்கில் போன் தானாக இணைந்தால் பில் எகிறிவிடும். சிக்னல் போனதும் ஏரோப்ளேன் மோடில் வையுங்கள். இல்லாத டவரைத் தேடித் தேடி பேட்டரி தீராது.

5. கப்பலின் பெயர், சேரும் நாள், கப்பல் அலுவலகத்தின் போன் எண் மூன்றையும் எழுதி வீட்டில் கொடுங்கள். அவசரத்தில் கேப்டனுக்குச் செய்தி சொல்ல அதுதான் வழி.

இப்போதெல்லாம் நான் பெட்டி கட்டும் முன் கம்ப்யூட்டர் முன்னால் அரை மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.