பவளத்தின் பகைகள்: தொட்டியிலும் கடலிலும்

வெளுத்துப்போன பவளமொன்றைக் காண்போர், அது இறந்துவிட்டதென்றே பெரும்பாலும் முடிவுசெய்கின்றனர். இம்முடிவு பல சமயங்களில் சரியன்று. வெண்மைக்குக் காரணங்கள் பல. அக்காரணங்கள் வேறுபடுமாறே பரிகாரமும் வேறுபடும். ஒன்றுக்குரிய சிகிச்சையை மற்றொன்றுக்குச் செய்தால் நோயைவிடச் சிகிச்சையே கேடாக முடிவதும் உண்டு. கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போரும், மன்னார் வளைகுடாவில் பவளத்திட்டுகளைப் பாதுகாக்கும் களப்பணியாளரும் இதனை அனுபவத்தில் கண்டுள்ளனர்.

பவளம் என்பது கல்லன்று; செடியுமன்று. இராமநாதபுரக் கரையோர் முருகைக்கல் என வழங்குவது, எண்ணற்ற சிறு பிராணிகள் கூடிக் கட்டிய சுண்ணாம்பு வீடாகும். ஒவ்வொரு பிராணியும் ஒரு சிறு குழாய் போன்றது. அதன் ஒரு முனையில் வாயும், வாயைச் சுற்றிக் கொட்டும் இழைகளும் உள்ளன. அதன் சதையினுள்ளே ஒரு செல் பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியைக்கொண்டு ஆகாரம் தயாரித்து, அதிற் பெரும்பகுதியை வீட்டுக்காரனுக்கே அளிக்கின்றன. பவளத்தின் பழுப்பு நிறம் பெரும்பாலும் இப்பாசிகளுடையதே.

கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறும்போது இவ்வுறவு முறிகிறது. பாசிகள் வெளியேற, கண்ணாடி போன்ற சதையினூடே வெண்ணிறச் சுண்ணாம்பு தெரிகிறது. பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்போருக்குச் சதையும் இழைகளும் இன்னும் இருப்பது புலனாகும். இது வெளுத்தல், மரணமன்று. சில வாரங்களில் உஷ்ணம் தணியுமாயின் பாசிகள் மீண்டும் குடியேறிப் பவளம் பிழைத்துக்கொள்ளும். தணியாவிடில் பட்டினியால் மடியும்.

மற்ற நிலைகள் வேறு. சதை முற்றும் அகன்று, எலும்பு மட்டும் ஒரு திட்டாக வெளிப்பட்டு, அதன் ஓரம் கூர்மையாகத் தெரியுமாயின் ஏதோ ஒரு பிராணி அதைத் தின்றிருக்கிறதென்று கொள்ளலாம். துருபெல்லா என்னும் சிறு நத்தை இவ்வாறு தின்பது. பகலில் கிளைகளின் அடியில் ஒளிந்திருப்பதால் மேலோட்டமாகப் பார்ப்போர் கண்ணில் அகப்படுவதில்லை. வெண்மையான பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் இடையே கருநிறப் பட்டையொன்று காணப்பட்டால் அது கரும்பட்டை நோயாகும். நீலப்பச்சைப் பாசிகளும் பாக்டீரியாக்களும் சேர்ந்த இப்பட்டை, நாளொன்றுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் சதையை அழித்துக்கொண்டே நகரும். அமெரிக்காவின் புளோரிடாக் கரையில் 1980களில் இப்பட்டையை உறிஞ்சி அகற்றி, அவ்விடத்தைக் களிமண் போன்ற பொருளால் மூடிக் காத்தனர். சில பவளங்களுக்கு இது பயன்படும். பல ஏக்கர் பரப்புள்ள திட்டுக்கு யார் செய்வது?

இறுதியாக, வேறொரு உயிர் பவளத்தின்மீது படர்ந்து, ஒளியையும் நீரோட்டத்தையும் மறைத்து, மூச்சுத் திணறச்செய்வது. தொட்டியிலும் கடலிலும் அதிகத் தொல்லை தருவது இதுவேயாதலால் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

தொட்டியில் பவளம் வளர்ப்போர் பெரிதும் அஞ்சுவது ஐப்டேசியா என்னும் சிறிய கடற்சாமந்தி. வாங்கி வந்த பாறைத் துண்டின் பொந்தில் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். சில மாதங்களில் நூறாகும். பக்கத்திலுள்ள பவளத்தைத் தன் இழைகளால் கொட்டிக்கொட்டிப் பின்னடையச் செய்யும். இதைக் கண்டவுடன் இடுக்கியால் பிய்த்தெறிய முற்படுவது இயல்பு. ஆனால் அதுவே செய்யத்தகாதது. அடித்தட்டிலிருந்து பாறையில் ஒட்டி நிற்கும் சிறு துணுக்கு ஒவ்வொன்றும் புதிய கடற்சாமந்தியாக வளரவல்லது. ஒன்றைப் பிய்த்தவர் பத்தை நட்டவராவார்.

எனவே அனுபவஸ்தர் இதனைப் பிய்ப்பதில்லை. கெட்டியான சுண்ணாம்புக் குழம்பை ஊசிக்குழலில் எடுத்து, அது விரிந்திருக்கும்போது வாயிலும் வாயைச் சுற்றியும் மெல்லச் செலுத்தி, இருந்த இடத்திலேயே அழிக்கின்றனர். ஒரே நாளில் பலவற்றுக்குச் செலுத்தினால் நீரின் காரத்தன்மை மிகுந்து பவளத்துக்கே ஊறு நேரும். ஆதலின் சிலசிலவாகச் செய்தல் நலம். இதனைத் தின்னும் சில இறால்களையும், பெர்கியா என்னும் ஓடற்ற கடல்நத்தையையும் விடுவதுண்டு. மீன்களின் நோய்க்குரிய செம்புக் கலவை மருந்துகளைத் தொட்டியில் ஊற்றுவது முற்றிலும் தவறு. செம்பு பவளத்தையும் இறாலையும் கொல்லும். இவை யாவற்றிலும் மேலானது, தொட்டியில் அளவுக்கு மீறி இரை போடாமையும், புதிதாக வரும் துண்டைத் தனித் தொட்டியில் சில வாரங்கள் வைத்துப் பார்த்தலும் ஆகும். அயோடின் கலந்த கடல்நீரில் சில நிமிடம் அமிழ்த்தினால் தட்டைப்புழுக்களும் சில நத்தைகளும் உதிரும். அவற்றின் முட்டைகள் பெரும்பாலும் தப்பிவிடும். ஆகவே முட்டை பொரியும் காலம் கடந்து மீண்டும் அமிழ்த்துதல் அவசியம். ஒரு முறை அமிழ்த்திவிட்டு நிம்மதியடைந்தோரே பின்னர் அதிகம் இழந்தவர்.

இதே பாடம் கடலில் பெரிய அளவில் தோன்றியுள்ளது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளையும் கொண்ட பகுதி 1986இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா கடல்களுக்குரிய கப்பாபைகஸ் என்னும் செங்கடற்பாசி 1980களில் ஆராய்ச்சிக்காக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுப் பண்டங்களைக் கெட்டிப்படுத்தும் காராஜீனன் இதிலிருந்து கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி மண்டபம் பகுதியில் மூங்கில் மிதவைகளில் இது வணிகப் பயிராயிற்று. கரையோர மீனவக் குடும்பங்களில், முக்கியமாகப் பெண்களுக்கு, இது நல்ல வருவாய் தந்தது. ஆதலின் இப்பாசியை வெறும் பகையாக மட்டும் பேசுவது நியாயமன்று.

2005ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு இப்பயிரைப் பாக் விரிகுடாவுக்கு வடக்கிலும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும் மட்டும் அனுமதித்து ஆணையிட்டது. எனினும் குருசடைத் தீவருகே உயிருள்ள மான்கொம்புப் பவளங்களின்மீது இப்பாசி படர்ந்திருப்பதை ஆராய்ச்சியாளர் 2008இல் வெளியிட்டனர். பின்னர் அண்டைத் தீவுகள் சிலவற்றிலும் அது காணப்பட்டது. இதன் பரவல் மிக மட்டானதே என்று வாதிடும் அறிஞரும் உளர். ஆயினும் பவளத்தின்மேல் படர்ந்த இடத்தில் அடியிலுள்ள பவளம் மடிகிறது என்பதில் ஐயமில்லை. இப்பாசி பெரும்பாலும் துண்டுகளாலேயே பெருகும். அலையில் ஒடிந்த துண்டு பவளக் கிளையில் சிக்கி, அங்கேயே பற்றி வளர்ந்துவிடும்.

ஆகையால் பாசி அகற்றும் களப்பணியாளர் ஐப்டேசியாவின் பாடத்தையே இங்கும் நினைவிற்கொள்ளல் வேண்டும். நீரோட்டம் மிகுந்த வேளையில் பாசியை இழுத்துப் பிய்த்தல் ஆகாது. துண்டுகள் அடுத்த திட்டுக்குச் செல்லும். அடியில் கைவைத்து மெல்ல விடுவித்து, நீருக்குள்ளேயே பைக்குள் இட்டு, அலை எட்டாத மேட்டில் கொண்டுபோய் உலர்த்துதல் வேண்டும். படகிலிருந்தே கடலில் வீசுவது வேலையைப் பாழாக்குவதாகும். சில வாரங்களில் அதே இடத்தை மீண்டும் பார்வையிடாமல் பணி முடிந்ததாகக் கணக்கெழுதுதலும் கூடாது. பவளக்கிளை ஒடியும் அளவுக்குப் பாசி பின்னிக்கொண்டிருந்தால், முழுவதும் அகற்ற முயல்வதைவிடப் பகுதிபகுதியாகக் குறைப்பதே மேல்.

2023இல் இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பயிர் பெருகும் காலத்தில் மிதவைகளைத் திட்டுகளிலிருந்து தொலைவில் வைத்தலும், அறுந்த கயிறுகளை உடனே கட்டுதலும் முன்னிலும் அவசியமாகின்றன.

கையால் அகற்ற இயலாத பகையும் உண்டு. டெர்பியோஸ் என்னும் கருநிறக் கடற்பஞ்சு, மெல்லிய தோல்போல உயிருள்ள பவளத்தின்மீது படர்ந்து அதை மூடிவிடும். இது பாக் விரிகுடாவிலும் தூத்துக்குடிக்கு அருகிலுள்ள வான் தீவிலும் கண்டறியப்பட்டுள்ளது. சுரண்டினால் சிறு துணுக்குகள் சிதறும். இதற்கு எளிய மருந்து எதுவும் இல்லை.

மேலே கூறிய பகைகள் யாவும் ஒருபுறமிருக்க, கடலின் உஷ்ணமே முதற்பகை என்பதை மறைத்தல் தகாது. 1998இல் மன்னார் வளைகுடாவில் ஆராயப்பட்ட இடங்களில் உயிர்ப்பவளத்தின் 89 சதவிகிதம் வெளுத்தது. 2010இலும் 2016இலும் அத்துன்பம் மீண்டும் நேர்ந்தது. தொட்டி வைத்திருப்பவன் ஒரு விசிறியால் நீரைக் குளிர்விப்பான், வளைகுடாவுக்கு விசிறியில்லை. எனவே உஷ்ணத்தால் தளர்ந்த திட்டின்மீது பாசி, கடற்பஞ்சு, வண்டல் ஆகியவற்றின் சுமை ஏறாமல் காப்பதே மனிதர் கையிலுள்ள வேலை. வெளுத்திருக்கும் மாதங்களில் அத்திட்டில் இறங்கி மிதித்துப் பணிசெய்வதையும் தவிர்த்தல் நன்று.

பாலக்காட்டிலும் இடுக்கி மாவட்ட எல்லைப்புறத்திலும் உள்ள தமிழ் வழிப் பள்ளிகளுக்குக் கடல் தொலைவு. அங்குள்ள ஆசிரியர் உயிர்ப்பவளத்தை வாங்கி வைத்துக் காட்ட எண்ணுதல் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001ஆம் ஆண்டு கற்பவளங்கள் யாவும் சேர்க்கப்பட்டன. கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றமாகும். எனினும் பவளத்தின் நெருங்கிய உறவினம் ஊர்க் குளத்திலேயே உண்டு. அது ஹைட்ரா. அதற்கும் குழாய் உடலும், கொட்டும் இழைகளும் உள்ளன. பச்சை ஹைட்ராவின் சதையில் பவளத்தைப் போன்றே பாசிகள் குடியிருக்கின்றன. நன்னீர் மீன்தொட்டி வைத்திருப்போர்க்கு இதுவும் ஒரு பகையே. அப்போது பொரித்த மீன்குஞ்சுகளை இது பிடித்துத் தின்னும்.

தெளிந்த குளத்திலிருந்து நீர்ச்செடிகள் சிலவற்றைக் கண்ணாடி ஜாடியில் இட்டு, குளத்து நீரையே ஊற்றி, நேர் வெயில் படாத ஜன்னலருகே ஓரிரு நாள் அசையாது வைக்கவேண்டும். ஹைட்ரா இருப்பின், ஒளி வரும் பக்கத்துக் கண்ணாடியில் அரை அங்குல நீளத்துக்கும் குறைவான நூல்கள்போல ஒட்டி நிற்கும். கிடைக்காவிடில் வேறொரு குளத்துச் செடியைச் சோதிக்கலாம். ஒன்றை உறிஞ்சுகுழலால் எடுத்து, சிறு கிண்ணத்தில் இட்டு, பிளேடால் குறுக்கே இரண்டாக வெட்டி, மாணாக்கர் நாள்தோறும் படம் வரைந்து வருதல் வேண்டும். சில நாட்களில் கீழ்த்துண்டில் புதிய இழைகளும் மேல்துண்டில் புதிய அடியும் தோன்றும். ஹாலந்தில் சிறுவர்க்கு ஆசிரியராயிருந்த ஆபிரகாம் டிரெம்பிளே 1740களில் இதைச் செய்து காட்டியபோது ஐரோப்பிய அறிஞர் திகைத்தனர். வெட்டினால் பெருகும் உயிரை வெட்டி ஒழிக்கவியலாது என்பதை மாணாக்கர் தாமே கண்டறிவர். அதன்பின் ஐப்டேசியாவையும் கப்பாபைகஸையும் பற்றிக் கூறினால் விளக்கம் அதிகம் தேவைப்படாது.

வேறொரு கிண்ணத்துப் பச்சை ஹைட்ராவை இருளில் வைத்து, வெளிச்சத்தில் உள்ளதனோடு நிறத்தை ஒப்பிடலாம். இருளில் வைத்ததற்கும் இரை கொடுத்து வருதல் வேண்டும். நீரில் தத்திச் செல்லும் டாப்னியாப் பூச்சி அதற்கு ஏற்ற இரை. பாடம் முடிந்தபின் ஜாடி நீரையும் செடிகளையும் எடுத்த குளத்திலேயே விடவேண்டும். வேறு ஓடையிலோ வாய்க்காலிலோ கொட்டலாகாது. கடையில் வாங்கிய மீனோ தொட்டிச் செடியோ அதில் கலந்திருந்தால் நீரை வெயில்படும் மண்தரையில் ஊற்றிச் செடிகளை உலர்த்திவிட வேண்டும். 1895 முதல் தேக்கடி நீர் மலைக்குகை வழியே வைகைப் படுகைக்குச் சென்று இராமநாதபுரப் பகுதி வரை பாசனத்துக்கு உதவுகிறது என்பதை, இடுக்கி எல்லைப்புறப் பள்ளிகளில் வரைபடம் விரித்துக் காட்டலாம்.