கருவிலே தொடங்கும் கேடு

முன்னுரை

நாளமில்லாச் சுரப்பிகள் சுரக்கும் ஹார்மோன்களே உடல் வளர்ச்சியை நெறிப்படுத்துகின்றன. அவற்றின் பணியில் குறுக்கிட்டுக் குழப்பம் விளைவிக்கும் செயற்கை வேதிப்பொருள்கள் பல உள. அவற்றின் கேடு உண்டவரோடு ஒழிவதில்லை. பிறவாத மகவின் மூளையையும் தாக்கவல்லது. தைவானில் நிகழ்ந்த ஒரு துயரத்தின் வழி இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மூளையும் தைராய்டும்

கருவின் மூளை செம்மையுற வளரத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. நரம்பணுக்கள் உரிய இடம் சேர்வதும் தம்முள் இணைப்புக் கொள்வதும் அதன் துணையால் நிகழ்வனவாம். கருவின் சுரப்பி இயங்கத் தொடங்கும் வரை, தாயின் ஹார்மோனே அதற்குத் துணை.

இவ்வேளையில் குறுக்கிடுவது பாலிகுளோரினேட்டட் பைஃபீனைல். சுருக்கமாகப் பி.சி.பி. என்பர். மின்மாற்றிகளைக் குளிர்விக்கவும் ஆலைகளில் வெப்பத்தைக் கடத்தவும் பயன்பட்ட எண்ணெய் இது. இதன் மூலக்கூறு தைராய்டு ஹார்மோனை ஒருபுடை ஒத்திருப்பதால், ஹார்மோனைச் சுமக்கும் புரதத்தில் இதன் சிதைபொருள் இடம்பிடித்துக் கொள்கிறது. மேலும், பி.சி.பி. கொழுப்பில் கரைந்து உடலில் பல்லாண்டு தங்கும். தாயிடமிருந்து கருவையும், பால்வழியே குழந்தையையும் அடையும்.

தைவான் தரும் பாடம்

1979-ஆம் ஆண்டு, நடுத் தைவானில் தவிட்டெண்ணெய் ஆலையொன்றின் வெப்பக் குழாயிலிருந்து பி.சி.பி. கசிந்து சமையல் எண்ணெயிற் கலந்தது. ஏறத்தாழ 2,000 பேர் நோயுற்றனர். மக்கள் அதனை ‘யூசெங்’, அதாவது எண்ணெய் நோய் என்றனர்.

அத்தாய்மார் ஈன்ற 118 குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1992-இல் வெளிவந்தது. பிற குழந்தைகளைவிட அவர்தம் நுண்ணறிவு ஈவு சுமார் 5 புள்ளி குறைந்திருந்தது. நடத்தைச் சிக்கல்களும் அவர்களிடம் மிகுந்து காணப்பட்டன. தாய் நஞ்சுண்டு ஆறாண்டுகள் கழித்துப் பிறந்தோரும், ஓரிரு ஆண்டுகளில் பிறந்தோருக்கு நிகராகவே பாதிப்புற்றிருந்தனர்.

ஐந்து புள்ளி சிறிதெனத் தோன்றலாம். ஆயின் ஒரு சமுதாயம் முழுவதும் அவ்வாறு தாழுமாயின், கற்க இடர்ப்படுவோர் தொகை கணிசமாகப் பெருகும்.

முடிவுரை

2001-இல் உருவான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006-இல் ஏற்றது. பி.சி.பி. அடங்கிய கருவிகளின் பயன்பாட்டை நீக்க 2025-ஐயும், கழிவைத் தீங்கின்றி ஒழிக்க 2028-ஐயும் அது எல்லையாக வகுத்தது. பழைய மின்மாற்றி எண்ணெயை நிலத்திற் கொட்டுவதும் வேறு எண்ணெயிற் கலப்பதும் தலைமுறைக்கே இழைக்கும் தீங்காகும்.

கருவுற்ற பின் காட்டும் எச்சரிக்கை மட்டும் போதாது. தாயின் உடலில் நஞ்சு முன்னரே குடிபுகுந்திருக்கும். ஆதலின் காவற்பொறுப்பைத் தாயின் தலையில் மட்டும் ஏற்றுதல் அறமன்று. ஆலையும் அரசும் கற்றோரும் கூடிச் சுமக்க வேண்டிய கடன் அது.