விருப்பமும் வாழ்க்கைத் தொழிலும்

மாணாக்கர்க்குக் கல்வி இருவகைத்து. ஒன்று வகுப்பறையிற் பயில்வது. மற்றொன்று வகுப்பு முடிந்தபின் தாமே விரும்பித் தேடிக்கொள்வது. முன்னதற்குப் பட்டம் கிடைக்கும். பின்னதற்குப் பெரும்பாலும் ஏச்சே கிடைக்கும். நாம் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்த காலத்து, "இதனைக் கற்று என்ன உத்தியோகம் பெறப் போகிறாய்?" என்னும் வினா நம்முள் பலருடைய இல்லங்களில் எழுந்தது. அது பகைமையாற் பிறந்த வினா அன்று. அரும்பாடுபட்டுக் கட்டணஞ் செலுத்தும் பெற்றோரின் கவலையிற் பிறந்தது. ஆதலின், அதனை இகழ்ந்து தள்ளுதல் நமக்குத் தகாது. தக்க விடை கூறுதலே கடமையாம். விருப்பம் எவ்வாறு தொழிலாகின்றது என்பதற்கு இருவர் வாழ்க்கையை இங்கே ஆராய்வோம். இருவரும் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நாட்டோடு தொடர்புடையவர்.

விழுப்புரத்தினின்று செஞ்சிக்குச் செல்லும் வழியருகே மண்டகப்பட்டு என்னும் சிற்றூர் உளது. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவற்றின் உதவியின்றிப் பாறையைக் குடைந்து மும்மூர்த்திகட்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்னும் பட்டமுடைய முதலாம் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டிற் குறித்துள்ளான். தளவானூர்க் குடைவரையும், திண்டிவனத்தை அடுத்த கீழ்மாவிலங்கைக் குடைவரையும், பனைமலைக் கற்றளியும் இந்நாட்டிலேயே உள்ளன. ஆடு மேய்ப்பார் வெயிலுக்கு ஒதுங்கும் குகைகளெனவே நம்மவர் பலர் எண்ணியிருந்த இவ்விடங்களின் வரலாற்றை ஆராய்ந்து உலகறியச் செய்தவருள் ஒருவர் ழுவோ துப்ரேய் என்னும் பிரெஞ்சுக்காரர்.

அவர் 1885-இற் பிறந்து 1945-இல் மறைந்தவர். புதுச்சேரிக் கல்லூரியில் ஆசிரியத் தொழில் அவருக்குச் சோறிட்டது. பழங்கோயில்களை ஆராய்தல் அவருடைய உள்ளத்தின் வேட்கையாயிருந்தது. அவ்வேட்கையின்பொருட்டுத் தொழிலைத் துறந்தாரல்லர். தொழிலின்பொருட்டு வேட்கையை அடக்கினாரும் அல்லர். ஒரு தூணின் போதிகை காலந்தோறும் எவ்வாறு வடிவம் மாறியது, கூடு என்னும் அலங்காரம் எவ்வாறு வளர்ந்தது என்று ஒவ்வோருறுப்பாக ஒப்பிட்டு நோக்கினார். கோயில் வேலை செய்யும் சிற்பியரிடம் உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்தார். இம்முறையினாற் கல்வெட்டில்லாத கோயிலுக்கும் காலம் வரையறுக்க வழி பிறந்தது. 1914-இல் தென்னிந்தியத் தொல்பொருளியல் பற்றிய அவரது பெருநூலும், 1917-இற் பல்லவரைப் பற்றிய நூலும் வெளிவந்தன. பிற்காலத்து அரிக்கமேட்டின் சிறப்பையும் எடுத்துக் காட்டினார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து, உரோமருடன் நடந்த வாணிகத்தை உறுதிப்படுத்தினார். ஓய்வுநேரத்து வேட்கையாகத் தொடங்கியது தென்னாட்டு வரலாற்றின் ஒரு பகுதியாகவே முடிந்தது.

இவ்வாறன்றி, விருப்பத்தின்பொருட்டு அனைத்தையும் பணயம் வைத்தாரும் உளர். 1928-இல் விழுப்புரத்திற் பிறந்த கணேசன் என்னும் சிறுவர் கட்டபொம்மன் கூத்தைக் கண்டு, நடிப்பின்மேற் காதல்கொண்டு, இளமையிலேயே இல்லத்தை நீங்கி நாடகக் கம்பெனியிற் சேர்ந்தார். அவரே பின்னாளிற் சிவாஜி கணேசனெனப் புகழ்பெற்றவர். ஆயின், அவரது புகழை எண்ணி மயங்கும் நாம் அவர் பயின்ற பயிற்சியை எண்ணுவதில்லை. பாட்டு, ஆட்டம், வசன உச்சரிப்பு ஆகியவற்றை அவர் கம்பெனியிற் கற்றார். பெண் வேடமும் தரித்தார். 1952-இற் 'பராசக்தி' திரைப்படம் வெளிவருமுன் நாடகமேடையிற் பல்லாண்டுகள் கழிந்திருந்தன. சிறுவயதிற் கண்ட அக்கட்டபொம்மனாகவே 1959-இல் திரையில் நடித்து, 1960-இற் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றார்.

ஒருவர் பணியிலிருந்துகொண்டே விருப்பத்தை வளர்த்தார். மற்றவர் விருப்பத்தையே பணியாக்கினார். வழிகள் வேறாயினும் இருவரிடத்தும் பொதுவாயுள்ளவை மூன்று. முதலாவது, இன்பந் தரும் பகுதியை மட்டும் கொள்ளாது, சலிப்புத் தரும் பகுதியையும் ஏற்றமை. நூறு தூண்களை அளத்தலும், ஒரே வசனத்தைப் பலமுறை ஒப்பித்தலும் விளையாட்டல்ல. இரண்டாவது, வல்லாரை அடுத்துப் பணிவுடன் கற்றமை. கல்லூரி ஆசிரியர் சிற்பியரிடம் மாணாக்கராக நின்றார் என்பதை நாம் மறத்தலாகாது. மூன்றாவது, தம் முயற்சியின் பயனைப் பிறர்க்கு அளித்தமை. தன்னை மகிழ்விப்பதோடு நிற்பது பொழுதுபோக்கு. பிறர்க்குப் பயன்படும்போதே அது தொழில் என்னும் பெயருக்கு உரியதாகின்றது. ஊதியம் அதன் பின்னே வருவது. சிலர்க்கு விரைவாகவும், சிலர்க்குத் தாமதமாகவும் வரும். சிலர்க்கு வாராமலும் போகலாம்.

இக்கடைசி வாக்கியத்தை மறைத்து இளைஞர்க்கு ஊக்கமூட்டுதல் நேர்மையன்று. நாடகக் கம்பெனிகளிற் சேர்ந்த சிறுவரெல்லாம் சிவாஜி கணேசனாகிவிடவில்லை. ஆதலின், குடும்பப் பொறுப்புடைய மாணாக்கர் பெரும்பாலார்க்கு முன்னவர் வழியே பொருத்தமாம்: கைவசமுள்ள வேலையைக் குறைவறச் செய்து, நாடோறும் ஒரு மணி நேரமேனும் விருப்பக் கலைக்கு ஒதுக்கி, அது வளர்ந்து தன் காலில் நிற்குங்கால் அதன்பாற் செல்லுதல்.

தாலந்துகளைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். ஒரு தாலந்தைப் பெற்றவன் அதனைக் களவாடவுமில்லை, வீண்செலவு செய்யவுமில்லை. அஞ்சி மண்ணிற் புதைத்தான், அவ்வளவே. அவ்வச்சமே குற்றமாயிற்று. மற்றிருவரோ பெற்றதைக் கொண்டு உழைத்துப் பெருக்கினர். நாம் தமிழை விரும்பிக் கற்கின்றோம். அதனை ஆசிரியராகவோ, பதிப்பாசிரியராகவோ, கல்வெட்டு ஆராய்வோராகவோ, வேறொரு வேலையிலிருந்து எழுதுவோராகவோ பெருக்கலாம். "என்ன உத்தியோகம்?" என்று கேட்கும் பெற்றோர்க்கு இன்று நம்மாற் கூறக்கூடிய விடை ஒரு பதவியின் பெயரன்று; நாம் அன்றாடம் செய்யும் உழைப்பே அவ்விடை. அவ்வுழைப்பை அவர்கள் கண்ணாரக் காணுமாறு நடந்துகொள்வோமாக.