கொடி கை காட்டுமோ?

"சோடியம் ஓர் எலக்ட்ரானைக் கொடுத்துவிட விரும்புகிறது; குளோரின் அதைப் பெற விரும்புகிறது." வேதியியல் வகுப்பில் இவ்வாறு பேசாதார் இலர். உலோகத்துக்கு விருப்பம் ஏது? ஆயினும் பேச்சு நடைபெறுகிறது. அதே நாவினால் நம் நண்பர் சிலர், "ஆறு அழுதது, கொடி அழைத்தது என்று பாடுவதெல்லாம் பொய்யன்றோ?" என்று கேட்கின்றனர். நானும் அறிவியல் மாணவன். இக்கேள்வியைத் தட்டிக்கழிக்க மனமில்லை.

அஃறிணைக்கு மனிதப் பண்பை ஏற்றுவது, காரணம் கூறவேண்டிய இடத்தில்தான் தீங்கு செய்யும். உறிஞ்சு குழாயில் நீர் ஏன் ஏறுகிறது? இயற்கை வெற்றிடத்தை வெறுக்கிறது என்பதே நெடுங்காலம் விடையாக இருந்தது. வெறுப்பு என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு கேட்க என்ன இருக்கிறது? ஆனால் நீர் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் ஏற மறுத்தது. (பாருங்கள், 'மறுத்தது' என்று நானே எழுதுகிறேன்!) 1643இல் டாரிசெல்லியின் சோதனையில் பாதரசம் ஏறத்தாழ 76 சென்டிமீட்டரில் நின்றது. காற்றின் எடையே காரணம் என்பது விளங்கியது.

கவிஞன் காரணம் கூற வரவில்லை. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளுடன் மதுரையை நெருங்கும்போது, மதிற்கொடிகள் வரவேண்டா என்று கை காட்டுவன போல அசைந்தன என்கிறார் இளங்கோ. கம்பரோ, மிதிலை நகரமே தன் கொடிகளை அசைத்து இராமனை விரைந்து அழைப்பது போல இருந்ததாகப் பாடுகிறார். அசைவு ஒன்றே, ஓரிடத்தில் தடை, மற்றோரிடத்தில் வரவேற்பு. காற்றினால் கொடி அசைவதை இருவரும் மறுக்கவில்லை. இயல்பாக நிகழ்வதன்மேல் தம் குறிப்பை ஏற்றுகின்றனர். ஆகவே இது தற்குறிப்பேற்ற அணி.

தேர்வில் நம்மவர் ஆளுருவம் பெற்ற எதனையும் தற்குறிப்பேற்றம் என்று எழுதிவிடுகின்றனர். அது பொருந்தாது. அஃறிணைப் பொருள்கள் கேட்பன போலவும் பேசுவன போலவும் இயங்குவன போலவும் செயல்புரிவன போலவும் சொல்லலாம் என்று நன்னூல் பொதுவாக இடந்தருகிறது. நெஞ்சை விளிப்பதும் தும்பியிடம் வினவுவதும் இதில் அடங்கும். அங்கே இயல்பான நிகழ்ச்சி எதற்கும் புதிய நோக்கம் கற்பிக்கப்படவில்லை.

நம் மொழியில் இன்னொரு நுட்பமும் உண்டு. திணை வேறுபாடு வினைமுற்றிலேயே தெரிந்துவிடும். ஆறு மறைத்தது என்பதற்கும் மறைத்தாள் என்பதற்கும் இடையே ஓர் எல்லைக் கோடு இருக்கிறது. வையை, கண்ணகிக்கு வரவிருப்பதை அறிந்தவள் போல, மலராடை போர்த்துத் தன் கண்ணீரை மறைத்தாள் என்று பாடும்போது இளங்கோ அக்கோட்டைத் தாண்டிவிடுகிறார். (சட்டமும் ஒருமுறை தாண்டியது. 2017 மார்ச்சில் உத்தரகண்ட் உயர்நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டத்தின் கண்ணில் ஆட்கள் என அறிவித்தது. அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அதனை நிறுத்திவைத்தது.)

கொடிக்கு ஒரு 'போல' இருக்கிறது, வையைக்கும் இருக்கிறது. இனித் துன்பமாலையைப் புரட்டுங்கள். கணவன் கொலையுண்ட செய்தி கேட்ட கண்ணகி, ஞாயிற்றை நோக்கி, என் கணவன் கள்வனோ என்று கேட்கிறாள். கடல் சூழ்ந்த உலகில் நிகழ்வன யாவும் அறிந்தவன் அவனே. அரசன் ஆராயவில்லை, கோவலன் குற்றமற்றவன் என்று சான்று கூற அந்நகரில் ஒருவரும் வரவில்லை. அவன் கள்வன் அல்லன், இவ்வூரை எரி உண்ணும் என்று ஒரு குரல் விடை தருகிறது.

அந்த விடைக்கு இளங்கோ 'போல' சேர்க்கவில்லை.